ரோதைமுனி கல்லில் உட்கார்ந்த பூனை

தேயிலைத் தோட்டத்துக் கடைசி லயத்தின் தகரக் கூரை மலை வளைவில் மறைந்த பிறகுதான் நடையைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரோடு பதுளையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் அம்மாவின் பழைய படங்கு தொங்கியது. கொழுந்து எடுக்கிற பெண்கள், தேயிலைச் செடி உடம்பைக் கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற கனத்த சாக்குதான் படங்கு. அதன் நான்கு மூலைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தேன். உள்ளே எங்கள் பூனை. அது கத்தவில்லை. அவ்வப்போது என் முதுகில் ஒரு நகத்தை ஊன்றி, தான் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடு என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். ஓடுகிற தண்ணீரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்ட பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். நான் பாலத்தைத் தாண்டினேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நம் தலைமுறைக்கு எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. கப்பலேறிப் போனவர்கள், பாண் ரொட்டி வாங்க நின்ற வரிசைகள், எரிந்த லயங்கள். நானோ பூனையைப் பற்றி எழுதுகிறேன். இப்போது அப்புத்தளையில் ஒரு கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறேன். கடைக்காரரின் மகள் போனில் பூனைப் படங்களை ஓடவிட்டு, "தாத்தா, இதப் பாருங்க, இதப் பாருங்க" என்பாள். ஒரு பூனை கதவைத் திறக்கும். இன்னொன்று வெள்ளரிக்காயைப் பார்த்துத் துள்ளும். "இதென்னா பெருசு, எங்க லயத்துல ஒண்ணு இருந்துச்சு கேளு" என்று நான் தொடங்குவேன். பாதியில் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். நீங்களாவது முழுதாகக் கேளுங்கள்.

பழைய லயங்கள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் லயம் முழுவதும் சோறு கேட்கும். மனிதர்களுக்கு அது தொல்லை. பூனைக்கு அது ராஜபாட்டை. எங்கள் பூனை அந்தச் சுவர்களின் தலைமேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்தது. சாம்பல் நிறம், கழுத்தின் கீழே மட்டும் வெள்ளை, ஒரு காது பாதி கிழிந்தது.

அதற்கு ஆளுக்கு ஒரு பெயர் இருந்தது. பெயருக்கு ஒரு குணமும் இருந்தது.

எங்கள் வீட்டில் அம்மா அதை மாசி என்று கூப்பிடுவாள். சம்பலுக்கென்று பால்மா டின்னில் வைத்திருந்த மாசிக் கருவாட்டுத் துண்டை மூடியோடு உருட்டிக்கொண்டு போனதால் வந்த பெயர். எங்கள் வீட்டில் அது திருடன். சிரட்டையில் சோறு வைத்தால் திரும்பியும் பார்க்காது. எடுத்து ஒளித்து வைத்தால்தான் அதற்கு ருசி. அதனால் அம்மா அதன் சோற்றை அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அது திருடித் தின்னும். இருவருக்கும் திருப்தி.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அதைத் துரை என்பார். தோட்டத்துத் துரை மாதிரி வாசலில் நின்று காம்பராவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிடிக்காதது போல வாலை உதறிவிட்டுப் போகும். "எந்திரிங்கடா, துரை வந்துட்டாரு. கணக்கு சரியா இருக்கான்னு பாக்குறாரு" என்று மாமா எழுந்து நின்று கும்பிடுவார். மாமா தேயிலைப் பெக்டரியில் ரோலர் மிசினில் வேலை செய்தார். வந்ததும் முதலில் பூனைக்கு ஒரு மீன் தலை, பிறகுதான் தனக்குத் தேத்தண்ணீர்.

அடுத்த காம்பராவில் வேதக்காரக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தி சாயந்தரம் ஜெபமாலை சொல்வார். ஜெபம் முடியும்வரை பூனை முன் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சுடரையே பார்த்திருக்கும். அங்கே அதன் பெயர் அந்தோணி. "என் மருமக்கமாருக்கு இல்லாத பக்தி இந்த வாயில்லா சீவனுக்கு இருக்கு" என்று மருமகள்களின் காதில் விழும்படி சொல்வார்.

இப்படி ஒரே பூனை இரண்டு வீட்டில் மூன்று பேராக இருந்தது. அது எலி பிடித்து யாரும் பார்த்ததில்லை.

காலையில் மட்டும் அது எந்த வீட்டிலும் இருக்காது. பெக்டரிக்குப் போய்விடும்.

பெக்டரியின் பின்சுவரை ஒட்டி ரோதைமுனி இருந்தார். ரோதை என்றால் சக்கரம். தேயிலை அரைக்கிற மிசின்களின் சக்கரங்களைக் காக்கிற சாமி. உருவம் ஒன்றும் கிடையாது. ஒரு தட்டையான கருங்கல், அதன் தலைமாட்டில் ஒரு சூலம். மிசினைச் சுற்ற விடுவதற்கு முன்னால் பெக்டரிக்குக் காவல் இருக்கிற வாச்சர் அங்கே சூடம் கொளுத்துவார். அவர் போகிற நேரத்தில் எங்கள் பூனை கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். வாழைப்பழத்தைத் தொடாது. தேங்காயைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும்.

அது ஏன் அங்கே உட்கார்ந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். பல வருஷம் கழித்து வெலிமடையில் வேலை இல்லாமல் அலைந்த நாட்களில், ஒரு பேக்கரியின் வெளிச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பேன். அடுப்பின் சூடு செங்கல் வழியாக வரும். அப்போதுதான் புரிந்தது. ரோதைமுனியின் கல் இருந்தது தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு நேர் பின்னால். முதல் நாள் கொழுந்து நிறைய வந்திருந்தால் விடியுமுன்னே அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் சுவரோடு கல்லும் சூடாகும். கல் சூடென்றால் பூனை வரும். அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அந்த வருஷம் வறட்சி. ஊவாப் பக்கத்து வறட்டுக் காற்று செடியை உருவிக்கொண்டு போனது. கொழுந்து குறைந்தது. ஒரு நாள் வேலை இருக்கும், ஒரு நாள் இருக்காது, ஒரு நாள் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டு மத்தியானமே அனுப்பிவிடுவார்கள். முழுப் பேரா அரைப் பேரா என்று தெரியாமல் பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கூடை மாட்டிக்கொண்டு நடுங்குவார்கள். அப்போது யாரோ கவனித்துச் சொன்னார்கள். பூனை கல்லில் உட்கார்ந்திருக்கிற அன்றைக்கெல்லாம் முழுப் பேர் கிடைக்கிறது.

அது உண்மைதான். முதல் நாள் கொழுந்து இருந்தால் அடுத்த நாளும் பெரும்பாலும் இருக்கும். அவர்கள் பார்த்தது சரி, எது எதனால் என்பதைத்தான் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பூனை உட்கார்ந்தால் வேலை வரும் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு பெரட்டுக்குப் போகிற வழியில் பெண்கள் பெக்டரிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உக்காந்துருக்கா?"

"உக்காந்துருக்கு. தூங்குது."

"தூங்கட்டும். எழுப்பிப்புடாதீங்க."

அடுத்த லயத்திலிருந்து கருவாடு வந்தது. ஒருத்தி கன்று போட்ட மாட்டின் பாலை முதலில் அதற்கு வைத்தாள். பூனை பருத்தது. எங்கள் வீட்டுக்கு அது திருட வருவது நின்றது. அம்மா அடுப்புக்குப் பின்னால் வைத்த சோறு அப்படியே காய்ந்தது. "சாமியாயிட்டாரு. இனி நம்ம வீட்டுச் சோறு எறங்குமா?" என்று மாமா சிரித்தார்.

வறட்சி முற்றியபோது, கிடைத்த கொஞ்சம் கொழுந்தையும் லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துப் பெக்டரிக்கு அனுப்பினார்கள். எங்கள் பெக்டரி அடுப்பு அணைந்தது. கல்லும் ஆறிப்போனது. பூனை அங்கே போவதை விட்டுவிட்டது. ஒரு வாரம் போலக் கழிந்து ஒரு காலையில் மிசினைத் திரும்ப ஓட்டினார்கள். அடுப்பு எரியத்தான் செய்தது. ஆனால் அத்தனை நாள் ஆறிக் கிடந்த சுவர் உடனே சூடேறுமா? பூனை வரவில்லை. வாச்சர் வெறும் கல்லுக்குச் சூடம் காட்டினார். சும்மா கிடந்து காய்ந்திருந்த மிசின் பெல்ட் கொஞ்ச நேரத்தில் அறுந்து வீசியது. மாமாவின் வலது கையில் அடித்தது.

மாமாவை லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கை தப்பியது. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

மாமா கட்டோடு திரும்பி வந்த அன்று சாயந்தரம் லயத்து முற்றத்தில் கூட்டம் கூடியது. பெரிய கங்காணிக்கு நாற்காலி போட்டார்கள். முனி பூனையாக வந்து உட்கார்ந்து உத்தரவு கொடுக்காமல் ரோதையைச் சுற்ற விட்டதுதான் குற்றம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேச வேண்டியது பூனையைப் பற்றித்தான்.

"பூனை யாரு வீட்டுது?" என்று கங்காணி கேட்டார்.

"எங்க வீட்டுதுங்க. அந்தோணி" என்றார் வேதக்காரப் பெரியம்மா.

"என்னாக்கா சொல்றீங்க? ராத்திரி படுக்குறது எங்க அடுப்படியிலதான்" என்றார் மாமா.

"சாயந்தரம் ஜெபத்துக்கு எங்க வீட்டுலதானே உக்காருது."

"ஜெபத்துக்கு உங்ககிட்ட, மீனுக்கு எங்ககிட்ட. நல்ல வேதக்காரன்தான்."

சிரித்தார்கள். கங்காணியும் மீசைக்குள் சிரித்துவிட்டு, "வேதக்காரப் பூனைய முனி எப்படிப்பா தன் கல்லுல ஏத்துனாரு?" என்றார்.

"முனிக்கு அதெல்லாம் ஏதுங்க. அவரு மிசினு ஓடுதான்னு பாப்பாரு" என்றார் வாச்சர்.

சிரிப்பு அத்தோடு நின்றது. மாமாதான் அந்தப் பேச்சை எடுத்தார். பூனையை முனிக்கே விட்டுவிட வேண்டும், அது கல்லை விட்டு இறங்கக் கூடாது, கட்டிப்போட வேண்டும் என்றார். மூன்று வாரத்துக்கு முன் அதற்கு எழுந்து நின்று கும்பிடு போட்டவர் அவர். பெரியம்மா, "வாயில்லா சீவனுங்க" என்று ஏதோ சொல்ல வந்தார். "மிசினுல கை குடுக்குறது நாங்கக்கா" என்று மாமா சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார்.  இனி ரோலரில் நிற்கப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். யார் அவிழ்த்துவிட்டாலும் அந்த வீட்டுக்குப் பெரட்டில் பேர் கிடையாது என்று கங்காணி சொல்லிவிட்டு எழுந்தார்.

பூனையை ஆட்டுக் கயிற்றால் சூலத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பெல்ட் வந்து சேராததால் மிசின் ஓடவில்லை. அடுப்பும் எரியவில்லை. அந்தக் கல்லின் குளிரை நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். மேலே மலையிலிருந்து காற்று இறங்கி அந்த மூலையில்தான் சுழலும். பூனைக்கு முன்னால் பால் இருந்தது, கருவாடு இருந்தது, பொரித்த மீன்கூட இருந்தது. அது எதையும் தொடவில்லை. ஒளித்து வைத்தால்தானே அது தின்னும்? ஒரு கருவாட்டுத் துண்டைக் கல்லுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தின் வெள்ளை மயிர் உதிர்ந்திருந்தது. முதலில் கத்தியது. பிறகு கத்துவதையும் விட்டுவிட்டது.

அம்மா வேலை விட்டு வந்து ஒருமுறை போய்ப் பார்த்தாள். வந்து அடுப்பு மூட்டினாள். மாமா சுவரில் சாய்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, அது ஒண்ணும் திங்கல. செத்துரும்."

"நானும்தான் திங்கலக்கா. என் கைய பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் கையாலதான் அதுக்கு மீன் தலை வைப்ப."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சின்ன வயதில் எனக்கு மாமா மேல் இதனால் ரொம்பக் கோபம் இருந்தது. பிறகு நானும் மிசின்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். பயந்த மனிதன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று சொல்ல முடியாது. மாமாவுக்குக் கையில் கிடைத்தது ஒரு பூனை.

மறுநாள் காலை பெரட்டுக்குப் புறப்படும்போது அம்மா தன் பழைய படங்கையும் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியையும் என் பக்கத்தில் வைத்தாள். மாமா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மலைக்கு ஏறுனதும் போ. ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துரு."

"யாராச்சும் கேட்டா?"

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள். "நீ பதுளைக்கு வேலை தேடிப் போயிட்டன்னு சொல்லிக்குவேன். நீயுந்தான் எத்தனை நாளைக்கு லயத்தச் சுத்துவ."

அம்மா சொன்னதன் பின்பாதி கோபமா விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பெக்டரிக்குப் பின்னால் வாச்சர் இருந்தார். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னையும் படங்கையும் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார்.

"டேய், எனக்கு ஒரு சுருட்டு பத்த வைக்கணும்" என்றார். "இந்தக் காத்துல இங்க தீக்குச்சி நிக்காது. முன்பக்கம் போறேன். அங்கயும் காத்துதான். கொஞ்சம் நேரமாகும்."

போனார். நான் கயிற்றை அறுத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பதுளைக்கு வந்தபோது மிச்சத்தைச் சொன்னாள். முனியே வந்து பூனையைக் கூட்டிப்போய்விட்டார் என்று வாச்சர் லயம் லயமாகச் சொல்லியிருக்கிறார். கயிறு அறுந்த இடத்தைக்கூடக் காட்டினாராம், சூலத்தால் அறுத்தது போல இருக்கிறது பார் என்று. எல்லாரும் நம்பினார்கள். மாமா எல்லாரையும்விட அதிகமாக நம்பினார். அம்மாவுக்குப் பேர் தவறவில்லை.

ஆனால் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. சாயந்தரம் நான் லயத்துக்குத் திரும்பினால் வேலை தேடிப் போனவன் ஏன் வந்தான் என்று கேட்பார்கள். கேட்டால் அம்மா பொய் சொன்னது வெளியே வரும். நான் திரும்பாவிட்டால் அம்மா சொன்னது உண்மை. யோசித்துப் பார்த்ததில் எனக்கு அது ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. கீழே பதுளைக் கூரைகள் தெரிந்தன. கால்கள் தானாக வேகம் பிடித்தன. அன்றைக்குப் பிடித்த வேகம் எனக்கு அறுபது வயதுவரை அடங்கவில்லை.

பொழுது சாயும்போது பதுளைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டேசனுக்குக் கிட்ட அரிசி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி இருந்தது. அதன் தாழ்வாரத்தில் படங்கை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் படங்கு காலியாக இருந்தது. முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று இன்றுவரை தெரியாது. கிட்டங்கிக் கதவு திறந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவில் யாரோ தின்று சுருட்டி எறிந்திருந்த இலைப் பொட்டலத்தை என் பூனை இழுத்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி முதுகைக் காட்டி, மீன் முள்ளைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கிட்டங்கிக்காரர் வந்து மேலே நின்றார். தடித்த மனிதர், காதில் பென்சில்.

"யாருடா நீ? பூனை யாருது?"

"எங்களுதுங்க."

"எலி புடிக்குமா?"

"புடிக்குங்க" என்றேன்.

"இங்க எலி சாக்கு சாக்கா அறுத்து வைக்குது. சரி, கெடக்கட்டும். உனக்கு என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் சுவரில் செருகியிருந்த கோணி ஊசியையும் ஒரு சணல் உருண்டையையும் எடுத்து என் முன்னால் போட்டார். மூலையில் எலி கடித்த சாக்குகள் என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"அதெல்லாம் தை. ரெண்டு நேரம் சோறு. உன் பூனை எலிய பூரா புடிச்சு முடிச்சிருச்சுன்னா அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல, பாத்துக்க."

பூனையைப் பார்த்தேன். அது முள்ளைத் தின்று முடித்து, உயரமான மூட்டையாகத் தேடி ஏறி, காலை மடக்கிக் கண்ணை மூடியது. அதன் மூக்குக்குக் கீழேயே ஒரு எலி சாவகாசமாக ஓடியது. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஊசியில் சணலைக் கோர்த்து, முதல் சாக்கை மடியில் இழுத்துப் போட்டேன்.